குருத்தணுவும் தலைப்புச் செய்தியும்

உடலின் பல்வேறு உறுப்புகளுக்குரிய அணுக்களாக மாறத்தக்க ஆற்றலைத் தன்னுள் அடக்கிய உயிரணுவைக் குருத்தணு என்கிறோம். வாழைக் குருத்து விரிந்து இலையாவதைக் கண்ட நமக்கு இச்சொல் எளிதில் விளங்கும். ஆங்கிலச் சொல்லினும் இதுவே பொருத்தம் என்பது நமது அபிப்பிராயம். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து இவ்வணுக்களைப் பிரித்து வளர்த்துக் காட்டியது முதல், இவ்வாராய்ச்சி பத்திரிகைகளின் முதற் பக்கத்துக்கு வந்தது. செய்தியும் நிதியும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கும் என்பதற்குத் தென்கொரியாவில் நிகழ்ந்தது தக்க சான்றாகும்.

சியோல் தேசியப் பல்கலைக் கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஹ்வாங் ஊ-சுக். கருமுட்டையின் உட்கருவை நீக்கி, நோயாளியின் உடலணுவிலுள்ள உட்கருவை அதனுள் புகுத்தினால், அந்நோயாளிக்கே உரிய குருத்தணுவை வளர்க்கலாம் என்பது அவர் மேற்கொண்ட முறை. இதில் வெற்றி கண்டதாக 2004-இல் 'சயின்ஸ்' என்னும் அமெரிக்க இதழில் எழுதினார். மறு ஆண்டு, 185 கருமுட்டைகளைக் கொண்டு 11 குருத்தணு வரிசைகளை உண்டாக்கியதாக அதே இதழில் அறிவித்தார்.

பத்திரிகைகள் அவரைத் தேசிய வீரராக்கின. சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவர் எழுந்து நிற்பதாகச் சித்திரித்து 2005-இல் அஞ்சல் தலையே வெளியாயிற்று. அவ்வாறு எழுந்தவர் எவரும் அதுவரை இலர்! அரசாங்கம் அவருக்கு 'முதன்மை விஞ்ஞானி' என்ற பட்டத்தையும் ஆராய்ச்சி நிதியையும் வழங்கிற்று. அந்த அணுக்களைக் கண்ணால் கண்டீரா என்று வினவிய செய்தியாளர் மிகச் சிலரே.

அவ்வாறு வினவியது எம்.பி.சி. தொலைக்காட்சியின் ஒரு நிகழ்ச்சி. கருமுட்டைக்குப் பணம் கொடுக்கப்பட்டதையும், ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய பெண்களே கருமுட்டை தந்ததையும் அது 2005 நவம்பரில் வெளிப்படுத்திற்று. மக்களின் சினம் பேராசிரியர் மீதன்று, நிலையத்தின் மீதே பாய்ந்தது. வாயிலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. விளம்பரம் தந்த நிறுவனங்கள் விலகின. சாட்சியம் பெறுவதற்காக நிருபர்கள் சிலரை மிரட்டிப் பேசியதும் வெளிவரவே, நிலையம் டிசம்பர் 4-ஆம் நாள் மன்னிப்புக் கோரிற்று. நிருபர்கள் செய்தது தவறே. ஆயினும் அவர்கள் எழுப்பிய வினா பொய்யாகிவிடவில்லை.

அடுத்த சில நாட்களில், கட்டுரையிலுள்ள வெவ்வேறு அணுக்களின் படங்களிற் சில ஒரே படமாக இருப்பதை நாட்டின் இளம் ஆய்வாளர்கள் இணையத்தில் சுட்டிக் காட்டினர். பல்கலைக் கழகம் விசாரணைக் குழு அமைத்தது. நோயாளிகளுக்குரிய குருத்தணு ஒன்றுகூட இல்லை, இரு கட்டுரைகளின் சான்றுகளும் புனைந்தவை என 2006 ஜனவரியில் அக்குழு அறிவித்தது. அதே திங்களில் 'சயின்ஸ்' அவற்றைத் திரும்பப் பெற்றது. ஸ்னப்பி என்ற நாயைப் படியெடுத்தது மட்டும் மெய்யென நிலைபெற்றது.

2009-இல் சியோல் நீதிமன்றம், ஆராய்ச்சிப் பணத்தைக் கையாடியதற்காகவும் கருமுட்டை பெற்றதில் சட்டத்தை மீறியதற்காகவும் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. பொய்யான முடிவுகளைக் காட்டித் தனியார் நிறுவனங்களிடம் பணம் பெற்றார் என்ற மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். கட்டுரையில் 185 என்றிருந்த கருமுட்டைக் கணக்கும் வேறாயிற்று: மூன்றாண்டுகளில் 129 பெண்களிடமிருந்து 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் பெறப்பட்டிருந்தன என்கிறது விசாரணைக் குழுவின் அறிக்கை.