ரங்கநாதன் தெருவில் ஒரு புத்தகக் கடை

ரங்கநாதன் தெரு என்றால் உங்களுக்குத் துணிக்கடை, பாத்திரக்கடை. எனக்கு அது 'முன்றில்'. மாநகராட்சி ஊழியரான எழுத்தாளர் மா. அரங்கநாதன் 1988-இல் அந்தப் பெயரில் சிற்றிதழ் தொடங்கினார். அந்த நெரிசலுக்குள்ளேயே புத்தகக் கடையும் நடத்தினார். கைக்காசில் அச்சடித்த கவிதை, கதை, கட்டுரை எல்லாம் அங்கே கிடைக்கும்.

சின்ன விஷயமில்லை, பிள்ளைகளே. 1962-இல் 24 கவிஞர்களைத் தொகுத்துப் 'புதுக்குரல்கள்' வெளியிட்ட சி.சு. செல்லப்பா, தம் 'எழுத்து' பிரசுர நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவர். அந்தச் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

மாம்பலத்தில் ரயிலுக்கு நேரமிருந்தால் நுழைவேன். பெயரே கேள்விப்படாதவர்களின் புத்தகத்தோடுதான் வெளியே வருவேன்.

தொண்ணூறுகளில் இதழ் நின்றது. இப்போது கடையும் இல்லை. உங்களில் யாராவது சொந்தக் காசில் புத்தகம் போட்டிருந்தால் எனக்கொரு பிரதி அனுப்புங்கள். இலவசமாக வேண்டாம், விலைக்குத்தான்.