தபாலில் வந்த வீடுகள்: செவிவழிச் செய்தியும் சான்றும்

அமெரிக்காவின் இல்லினாய், ஒஹையோ, மிச்சிகன் முதலிய மாநிலங்களில் பழைய மரவீடு ஒன்றின் வரலாற்றைக் கேட்டால், "இது சியர்ஸ் வீடு, தபாலில் எழுதி வரவழைத்தது" என்னும் விடை அடிக்கடி கிடைக்கும். பாட்டனார் சொன்னார், முன்பு குடியிருந்தவர் சொன்னார் என்பதற்கு மேல் ஆதாரம் பெரும்பாலும் இராது. ஆசிரியர் பெயர் அறியப்படாத தனிப்பாடல்களை ஔவையார்மீதும் காளமேகத்தின்மீதும் ஏற்றிச் சொல்லும் வழக்கை அறிந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. புகழ்பெற்ற பெயர் பக்கத்திலுள்ள சிறு பெயர்களை விழுங்கிவிடுகிறது.

எனினும் அச்செய்தி வெறுங்கற்பனையும் அன்று. சிக்காகோ நகரின் சியர்ஸ், ரோபக் நிறுவனம் 1908ஆம் ஆண்டில் வீடுகளுக்கென்றே ஒரு விலைப்பட்டியல் நூலை வெளியிட்டது. 1940 வரை அவ்விற்பனை நீடித்தது. விற்கப்பட்டவை 70,000க்கும் மேற்பட்டவை என்பது பொதுவான மதிப்பீடு. பட்டியலிலுள்ள படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் மரம், ஆணி, கதவு, சன்னல், கூரை ஓடு, வண்ணம் ஆகியவை இரயில் சரக்குப் பெட்டியில் ஊர் வந்து சேரும். செங்கல்லும் சிமெண்டும் மட்டும் உள்ளூரில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் மரம் அளவிட்டு அறுக்கப்படாமலே வந்தது. 1910களின் பிற்பகுதியிலிருந்துதான் ஒவ்வொரு சட்டமும் உரிய நீளத்திற்கு அறுக்கப்பட்டு, குறியிடப்பட்டு வரலாயிற்று.

இத்தொழிலைத் தொடங்கி வைத்தது சியர்ஸ் அன்று. மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டியில் அலாடின் நிறுவனம் 1906லேயே இதில் இறங்கி, 1981 வரை தாக்குப்பிடித்தது. அயோவா மாநிலத்துக் கார்டன்-வான் டைன் தன் பெயரில் விற்றதோடு, மான்ட்கோமரி வார்டு நிறுவனம் தன் முத்திரையில் விற்ற வீடுகளையும் செய்து கொடுத்தது. இவையெல்லாம் இன்று ஊர்வாயில் "சியர்ஸ் வீடு" ஆகிவிட்டன. சியர்ஸ் வீடுகளைப் பற்றி 2002இல் நூல் எழுதிய ரோஸ்மேரி தார்ன்டன், தம் வீடு சியர்ஸ் வீடு என்று நம்புவோரில் மிகப் பெரும்பாலோர் தவறாகவே நம்புகின்றனர் என்று கூறிவந்தார்.

நிறுவனத்தின் கணக்கேட்டைப் பார்த்தால் தீராதா என்று தோன்றும். அலாடின் வீட்டுக்கு அவ்வழி உண்டு. அதன் விற்பனைப் பதிவுகள் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளார்க் வரலாற்று நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. சியர்ஸோ தன் வீட்டு விற்பனைப் பதிவுகளைக் கழித்துக்கட்டிவிட்டது. எந்த வீடு எவருக்கு விற்கப்பட்டது என்பதை இனி வீட்டையே படித்துத்தான் அறிய வேண்டும்.

படிப்பதற்கு ஒரு முறை உண்டு. 1908க்கு முன் கட்டப்பட்டது என்று ஊராட்சி ஆவணம் சொன்னால் அங்கேயே தேடல் முடிந்தது. அதன்பின் தோற்றம், இதுதான் மிகுதியும் ஏமாற்றுவது. ஒருவர் வரைபடத்தை மற்றவர் தயக்கமின்றி எடுத்தாண்ட காலம் அது. எனவே முகப்பு ஒத்திருந்தால் போதாது. பட்டியலில் அச்சிட்ட அறையளவுகளோடு வீட்டின் அறைகளை நாடாப் பிடித்து ஒப்பிட வேண்டும். வரைபடத்தை இடவலம் மாற்றிக் கட்டிக்கொண்டவரும் உண்டு. பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்க வேண்டும். அறுத்து அனுப்பிய வீடாயின், தலைக்கு மேலுள்ள உத்திரங்களின் முனையருகே ஓர் ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் மையால் பதிந்திருக்கும். எந்த மரம் எங்கே பொருந்தும் என்று தச்சருக்கு உரைத்த குறி அது. சுவரடிப் பலகையைக் கழற்றினால் பின்புறம் அனுப்புநர் முகவரிச் சீட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. குளியலறைக் குழாயில் நிறுவனத்தின் பெயர் இருப்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. ஊசி முதல் உழுபடை வரை தபாலில் விற்ற கடை அது. குழாயைத் தனியாகவும் வாங்கியிருக்கலாம்.

ஐயத்துக்கே இடமில்லாத ஊரும் ஒன்றுண்டு. இல்லினாயிலுள்ள கார்லின்வில்லில், தன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்காக இந்தியானா ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனம் 1918இல் சியர்ஸிடமிருந்து 156 வீடுகளை ஒருசேர வரவழைத்தது. அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே இன்னும் நிற்கின்றன.

தனியார் வீடுகளுக்கு அத்தகைய பேறு இல்லை. அவற்றுக்கு உறுதியான சான்று மாவட்டப் பதிவகத்துப் பேரேடுகளில் கிடக்கிறது. 1911ஆம் ஆண்டளவில் சியர்ஸ் தன் வீடுகளை வாங்குவோருக்குக் கடனும் கொடுக்கத் தொடங்கிற்று. அந்த அடமானப் பத்திரங்கள் பலவற்றில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக, அதன் சார்பில் பொறுப்பேற்ற அலுவலரின் பெயர் காணப்படும். அப்பெயர்களை அறிந்த ஆய்வாளர்கள் பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வீடுகளைக் கண்டெடுக்கின்றனர்.

இத்தனை கடன்களும் 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் சிக்கின. வேலையிழந்தோர் தவணை கட்ட இயலாது போயினர். 1934இல் மட்டும் 1 கோடியே 10 லட்சம் டாலர் மதிப்புள்ள அடமானங்களை நிறுவனம் தீர்த்துக்கட்டியது. தன்னிடம் மரம் வாங்கித் தம் கையால் கூரை வேய்ந்தவர்களின் வீடுகளையே அது கைப்பற்ற வேண்டியதாயிற்று. இன்றைய உரிமையாளர் பெருமையோடு தேடியெடுக்கும் அடமானப் பத்திரத்துக்குச் சில பக்கங்கள் தள்ளி, அதே பேரேட்டில், முதலில் கட்டிக் குடியேறியவர் அவ்வீட்டை இழந்த பதிவும் சில வேளை இருக்கிறது.