தந்திக் குறிநூலும் தகர வில்லையும்

கம்பியின் கொள்ளளவு சிறிது. அனுப்ப வேண்டிய செய்தியோ பெரிது. இந்நெருக்கடி கணினி யுகத்தில் பிறந்ததன்று. இலங்கையின் மத்திய மலைநாட்டில் தேயிலை பயிரிட்ட வெள்ளைத் துரைமாரும் அவர்தம் முகவர்களும் இதே நெருக்கடியை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சந்தித்தனர். அவர்கள் கையாண்ட வழிக்கும் இன்றைய பொறியியலாளர் கண்ட வழிக்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பிச் செய்கையைப் படிப்படியாக அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் நடைபெற்றது. புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. இருப்புப்பாதையை ஒட்டித் தந்திக் கம்பியும் மலையேறியது. அதற்கு முன்னரே, 1870இல், பம்பாயிலிருந்து ஏடன் வழியாகச் சூயஸ் வரை கடலடிக் கம்பி இடப்பட்டிருந்தது. இந்தியாவுடன் தந்தியால் இணைந்திருந்த இலங்கை, அதன்வழி இலண்டன் சந்தைக்கும் அண்மையில் வந்தது.

ஆனால் தந்திக்குச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம். எனவே வணிகர்கள் குறிநூல்களை நாடினர். 1873இல் வெளிவந்த ஏ.பி.சி. குறிநூலும் 1906இல் வெளிவந்த பென்ட்லி குறிநூலும் உலகெங்கும் புகழ்பெற்றவை. விலை, தரம், கப்பல், காப்புறுதி பற்றிய முழு வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் அவற்றில் ஒரு குறிச்சொல் உண்டு. பென்ட்லியின் குறிச்சொற்கள் ஐந்தெழுத்தாலானவை. இரண்டை ஒட்டிப் பத்தெழுத்தாக்கினால், அன்றைய தந்தி விதிகளின்படி அது ஒரே சொல். இரு வாக்கியங்கள் ஒரு சொல்லின் விலையில் கடல் கடந்தன.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே நூல் இருத்தல் வேண்டும். ஒரு முனையில் நூல் இல்லையேல், வந்து சேர்வது பொருளற்ற எழுத்துக் குவியலே.

விரிபரப்பு வலையமைப்பை வேகப்படுத்தும் கருவிகளின் அடிப்படையும் இதுவே. 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ரிவர்பெட் நிறுவனம், 2004இல் தன் ஸ்டீல்ஹெட் கருவியைச் சந்தைக்கு விட்டது. தலைமையகத்தில் ஒரு பெட்டி, தொலைவிலுள்ள கிளையில் ஒரு பெட்டி. ஒருமுறை கடந்து சென்ற தரவுத் துண்டுகளை இரண்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். அதே துண்டு மறுபடி வந்தால், அதற்குப் பதிலாகச் சிறு குறியீடு மட்டுமே கம்பியில் செல்லும். மறுமுனைப் பெட்டி அதை விரித்துக் கொடுக்கும்.

இன்னொரு பணி காத்திருப்பைக் குறைப்பது. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதி வழியாக ஒரு கேள்வி சென்று பதில் திரும்ப அரை விநாடி ஆகும். ஒரு கோப்பைத் திறக்க நூறு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்பட்டால் ஐம்பது விநாடி கழிந்துவிடும். கருவியோ அடுத்து வரவிருக்கும் கேள்விகளை ஊகித்து, பதில்களை முன்கூட்டியே வரவழைத்து வைத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் தரவுகள் மறைகுறியாக்கத்துக்கு உட்பட்டும் மேகக் கணிமைக்கு இடம்பெயர்ந்தும் போகவே, இத்தகைய பெட்டிகளின் தேவை சுருங்கியது. ரிவர்பெட் 2021இல் கடன்தீர்ப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

சரி, இந்த வேகம் யாருக்குக் கிடைத்தது?

தோட்டத்துக்கும் தபாற்கந்தோருக்கும் இடையே நாள்தோறும் பை சுமந்து நடந்தவர் ஒரு தமிழ்த் தொழிலாளி. துரைமார் அவரைத் ‘தப்பால் கூலி’ என்றனர். பை சென்று சேர்ந்த இடம் தோட்டக் கந்தோர். திருச்சியிலிருந்தோ சேலத்திலிருந்தோ லயத்துக்கு எழுதப்பட்ட கடிதமும் அந்த வாசலைக் கடந்தே உரியவரை அடைய வேண்டியிருந்தது.

அந்த மனிதர்களும் குறியீடாகச் சுருக்கப்பட்டவர்களே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் கழுத்தில், தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை தொங்கியது. வழிச்செலவு அந்த எண்ணின்படியே தோட்டத்தின் கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமெனில், தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரை அம்முறை நீடித்தது.

குறிநூலின் ஐந்தெழுத்து மறுமுனையில் முழு வாக்கியமாக விரிந்தது. ஒரு சொல்லும் தொலையவில்லை. தகர வில்லையின் எண் தோட்டத்துக் கணக்கேட்டில் செலவுத்தொகையாக விரிந்தது. ஊரும் உறவும் அதில் இடம்பெறவில்லை.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், கொழும்புத் தேயிலை ஏலம் இணையவழிக்கு மாறியது. கேட்பு விலை இப்போது கணப்பொழுதில் சென்றடைகிறது. ஆனால் லயங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனித்தனி முகவரி இல்லை என்பதும், கடிதங்கள் தோட்ட நிர்வாகத்தின் வழியாகத் தாமதமாகவே வருகின்றன என்பதும் மலையகத்தில் நெடுங்காலமாக ஒலிக்கும் முறைப்பாடுகள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்த பின்னர் கைக்கு வந்தால் அதனால் என்ன பயன்?

இரு முனையிலும் கருவி இருந்தாலன்றிக் கம்பியின் வேகத்தால் பயனில்லை என்பது தொழில்நுட்பம் கூறும் பாடம். லயத்து முனையில் வேண்டிய கருவி விலையுயர்ந்த பெட்டியன்று. வீட்டுக்கு ஓர் இலக்கம், பாதைக்கு ஒரு பெயர், வாசல்வரை வரும் தபாற்காரர். இவற்றைக் கொடுக்க இருநூறு ஆண்டு வரலாறு போதாதா?