குழாய்க்குப் பதில் எரிவாயு

நிலக்கரியாலேயே பெயரும் செல்வமும் பெற்ற எஸ்ஸன் நகரத்தில், 1970-ஆம் வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி, மேற்கு ஜெர்மனியின் பொருளாதார மந்திரி கார்ல் ஷில்லரும் சோவியத் வெளிநாட்டு வர்த்தக மந்திரி பட்டோலிச்செவும் முன்னிலை வகிக்க, ஒன்றையொன்று தாங்கி நிற்கும் மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மன்னஸ்மான் முதலிய உருக்காலைகள் 12 லட்சம் டன் பெருங்குழாய்கள் செய்து தருவது. அவற்றின் கிரயத்துக்கு டாய்ச் வங்கியின் தலைமையில் 120 கோடி மார்க் கடன் கொடுப்பது. ரூர்காஸ் கம்பெனிக்கு இருபது வருஷகாலம் எரிவாயு அனுப்பி அக்கடனைச் சோவியத் சர்க்கார் தீர்ப்பது என்பதே அவற்றின் சாரம்.

இந்த இணக்கம் எளிதில் கூடிவந்ததல்ல. 1962 நவம்பரில், அமெரிக்காவின் வற்புறுத்தலுக்கிணங்கிப் பெருங்குழாய்களைச் சோவியத்துக்கு விற்கலாகாதென்று நேட்டோ தீர்மானித்தபோது, மேற்கு ஜெர்மனியின் அடினோவர் சர்க்கார், உருக்காலைகள் முன்னமே செய்திருந்த உடன்படிக்கைகளையும் நிறைவேற்றவொட்டாமல் தடுத்தது. 1966-இல்தான் அத்தடை நீங்கியது. இதனினும் ஆச்சரியமானது ஆஸ்திரியாவின் சரித்திரம். 1968 ஜூனில் அத்தேசம் மாஸ்கோவோடு எரிவாயு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் பிரவேசித்தன. செப்டம்பரில், அதே செக்கோஸ்லோவாகிய மண்ணுக்கடியில் வந்த குழாயின் வழியே, பௌம்கார்ட்டன் நிலையத்துக்கு வாயு வந்து சேர்ந்தது. மேலே டாங்கிகள் சென்ற நிலத்தின் அடியில் வாயுவும் சென்றதே, அந்நிலத்து ஜனங்களை ஒருவர் கேட்டாரா என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

கப்பலில் ஏற்றிய எண்ணெய், ஒரு துறைமுகம் மறுத்தால் வேறொன்றை நாடிச் செல்லும். புதைத்த குழாய்க்கு அந்தச் சுதந்திரம் இல்லை. விற்பவனும் வாங்குபவனும் மட்டுமன்றி, இடையில் நிலம் கொடுத்தவனும் பல தலைமுறைகளுக்குப் பிரிக்கமுடியாத பந்தத்துக்குள்ளாகின்றனர். இதை அமெரிக்கா நன்கறிந்திருந்தது. சைபீரியாவின் உரெங்கோயிலிருந்து சோவியத்தின் மேற்கெல்லையிலுள்ள உஷ்கொரோத் வரை ஏறக்குறைய 4,450 கிலோமீட்டர் குழாய் இடும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையில், போலந்தின் இராணுவச் சட்டத்தைக் காரணமாகக் காட்டி, 1981 டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் தடை விதித்தார். வாயுவை உந்தித் தள்ளும் அழுத்த நிலையங்களின் டர்பைன்கள் அத்தடையின் முக்கிய இலக்கு. 1982 ஜூனில் அது ஐரோப்பியக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்துமென்று அவர் அறிவிக்க, அவருடைய ஆப்த சிநேகிதியான பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரே, பிரிட்டிஷ் கம்பெனிகள் தம் ஒப்பந்தங்களை நிறைவேற்றியாக வேண்டுமென்று கட்டளையிட்டார். நவம்பரில் தடை வாபஸாயிற்று.

அன்று ஐரோப்பா செய்தது பிழையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1973 அக்டோபரில் அரபு தேசங்கள் எண்ணெயை நிறுத்திய அதே மாதத்தில் மேற்கு ஜெர்மனிக்குச் சோவியத் வாயு வரத் தொடங்கியது; பல வாசல்களில் ஒன்றாக அது விவேகமான ஏற்பாடே. பிழை பின்னால் நேர்ந்தது. 1991-இல் சோவியத் சிதறி உஷ்கொரோத் சுதந்திர உக்ரைனுக்குரியதான பிறகு, 2006-லும் 2009-லும் விலைத் தகராறால் வாயு நின்றபோது, ஜெர்மனி வேறு விற்பனையாளரைத் தேடாமல், அதே விற்பனையாளரிடமிருந்து பால்டிக் கடலடியில் வரும் வேறு குழாயையே நம்பியது. 2021-இல் ஜெர்மனியின் இறக்குமதி வாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவினுடையது. கப்பலில் வரும் திரவ வாயுவை இறக்கத் தன் கரையில் முதல் நிலையத்தை, உக்ரைனில் யுத்தம் மூண்டு குழாய்கள் ஓய்ந்த பின், 2022 டிசம்பரில்தான் அது வில்ஹெல்ம்ஸ்ஹாபெனில் திறந்தது.