நேராக ஓடாத கார்: கோளாறு சக்கரத்திலா, சட்டத்திலா?

பழைய அம்பாசடர் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும். அலைன்மென்ட் கடைக்குப் போனால் டை ராடை இரண்டு சுற்று திருகி 'சரியாயிடுச்சு' என்பார்கள். இரண்டு மாதத்தில் புது டயரும் அதே ஓரத்தில் தேயும். மறுபடி கடை, மறுபடி செலவு...

உண்மையில் கோணலாக இருப்பது எது? சக்கரமா, அல்லது சக்கரத்தைத் தாங்கி நிற்கும் சட்டமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் கார் பிறப்பதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

குதிரை வண்டியும் ஒற்றை ஆணியும்

அந்தக் கால நாலு சக்கர வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் இருக்கும் ஒரே ஆணியைச் சுற்றித் திரும்பும். இதில் ஒரு வசதி இருந்தது. இரண்டு முன் சக்கரங்களும் ஒரே அச்சில் இருப்பதால் அவை ஒன்றுக்கொன்று கோணலாகப் போக வழியே இல்லை. ஆனால் கூர்மையாகத் திரும்பும்போது அச்சு வண்டிக்கு அடியில் புகுந்துவிடும், வண்டி கவிழும் அபாயம் அதிகம்.

சார்லஸ் டார்வினின் தாத்தாவான எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். நோயாளிகளைப் பார்க்க ஓயாமல் வண்டியில் அலைந்தவர். 1750களின் இறுதியிலேயே ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும் ஒரு முறையை அவர் யோசித்திருந்தார். ஆனால் அது பரவவில்லை. பிறகு ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி செய்து வந்த கியோர்க் லான்கென்ஸ்பெர்கர் இதே வழியைக் கண்டுபிடித்தார். அவருக்காக லண்டனில் 1818ம் ஆண்டு காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இவர் படங்கள் அச்சிட்டு விற்ற பதிப்பாளர்! கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர். இன்றும் இதற்கு 'ஆக்கர்மன் ஸ்டியரிங்' என்றுதான் பெயர்.

இதன் கணக்கு எளிது. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. எனவே உள்சக்கரம் அதிகமாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஆணி கொடுத்து, இரண்டையும் தகுந்த கோணத்தில் சாய்ந்த கைகள் வழியாக ஒரு கம்பியால் இணைத்தால் இது நடக்கும்.

ஆனால் இந்த மருந்தோடு ஒரு புது நோயும் வந்தது. கம்பியின் நீளம் கொஞ்சம் மாறினாலும் இரண்டு சக்கரங்களும் இரண்டு திசையைப் பார்க்கும். இன்று 'டோ' கோளாறு என்று சொல்வது இதைத்தான்.

மூன்று சக்கரக் கார் ஏன்?

கார்ல் பென்ஸ் 1886ம் ஆண்டு காப்புரிமை பெற்ற உலகப் புகழ் பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்கள்தான். நாலு சக்கர வண்டியைத் திருப்பத் திருப்தியான வழி அவருக்கு அப்போது கிடைக்கவில்லை. 1893ம் ஆண்டுதான் இரட்டை ஆணி ஸ்டியரிங்குக்குக் காப்புரிமை பெற்று 'விக்டோரியா' என்ற நாலு சக்கரக் காரைக் கொண்டு வந்தார்.

1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு முன்னால் ஒரே இரும்பு அச்சு. சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் 'கேம்பர்' கோணம் அந்த அச்சின் வடிவத்திலேயே அடங்கியிருந்தது. குழியில் விழுந்து அச்சு வளைந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். டோ அளக்க ஒரு குச்சி போதும். சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடையே ஒருமுறை, பின் விளிம்புகளுக்கு இடையே ஒருமுறை அளந்து ஒப்பிட்டால் முடிந்தது.

1923க்குப் பிறகு காற்றழுத்தம் குறைந்த பெரிய 'பலூன்' டயர்கள் பரவின. பயணம் மெத்தென்று ஆனது, ஆனால் முன் சக்கரங்கள் வேகத்தில் கடகடவென்று ஆடத் தொடங்கின. இந்த ஆட்டத்தை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஓலி. 1934ம் ஆண்டு மாடல்களில் அந்த நிறுவனம் ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. ஆட்டம் அடங்கியது. ஆனால் இப்போது கேம்பரும் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக மாறலாம்!

சட்டம் மறைந்தது

இதே காலத்தில் இன்னொரு மாற்றம். பழைய கார்களுக்கு ஏணி போல ஒரு சேஸிஸ், அதன் மேல் பாடி. 1922ல் வந்த லான்சியா லாம்ப்டா, 1934ல் வந்த சிட்ரோயன் டிராக்சன் அவான் ஆகிய கார்கள் தனிச் சட்டத்தைக் கைவிட்டன. வளைத்துப் பற்றவைத்த தகடுகளால் ஆன பாடியே சட்டமானது. எடை குறைந்தது. ஆனால் ஏணிச் சட்டம் வளைந்தால் தெரிவது போல இது தெரியாது. தகட்டைத் தட்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்தால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கோணல் அப்படியே இருக்கும்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957ல் உத்தர்பாராவில் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாசடரும் இந்த வகைதான். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, நீளமான முறுக்குக் கம்பி (டார்ஷன் பார்). அதன் பின்முனை காரின் அடித்தளத்தில் பொருத்தப்பட்டிருக்கும். பின்னால் ஒரே அச்சு, பட்டை ஸ்பிரிங். ஆக, அடித்தளம் துருப்பிடித்துத் தளர்ந்தால் முன் சக்கரத்தின் நிற்கும் உயரமே மாறிவிடும். கோளாறு தெரிவது டயரில், இருப்பது தரையில்.

கயிறும் தூக்குக்குண்டும்

இந்தக் காரில் கோணலைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி அவசியமில்லை. வரிசை தவறக்கூடாது, அவ்வளவுதான்.

முதலில் சமதளத்தில் நிறுத்தி நான்கு டயர்களின் காற்றைச் சரிபார்க்க வேண்டும். காற்றுக் குறைவே பல இழுப்புகளுக்குக் காரணம். பிறகு டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவ வேண்டும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ கோளாறு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். டோ ஒரு டிகிரி தவறினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் டயர் ஏன் உயிர் விடுகிறது என்பது புரியும்.

அடுத்து ஜாக் போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். தேய்ந்த இணைப்புகளை வைத்துக்கொண்டு அளப்பது வீண். சக்கரத்தைச் சுற்றிவிட்டு விளிம்பருகே சாக்பீஸ் பிடித்தால் வளைந்த ரிம் தானாகவே அடையாளம் காட்டும். வண்டியைக் கீழே இறக்கியதும் இரண்டு பக்கமும் முன் உயரம் சமமா என்று பார்ப்பது அவசியம்.

இனிதான் சட்டம். ஸ்டியரிங்கை நேராக வைத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இருபக்கமும் அளக்க வேண்டும். அம்பாசடரில் இது 97 அங்குலம். இரண்டு பக்கமும் கண்டிப்பாக ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் முன்பக்கம் அடிபட்டிருக்கலாம், அல்லது ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து பின் அச்சு நகர்ந்திருக்கலாம். பின் அச்சு திரும்பிய வண்டி நண்டு மாதிரி நடக்கும். நேராகப் போக ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டும். டயர்களை நனைத்துக் காய்ந்த சிமெண்ட் தரையில் நேராக ஓட்டினால் முன், பின் தடங்கள் இருபக்கமும் ஒரே அளவில் பொருந்துகின்றனவா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, அடிப்பாகத்தில் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் நான்கு துளைகளிலிருந்து கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறி போட வேண்டும். வண்டியை நகர்த்திவிட்டுக் குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களை அளந்தால், பாடி நேராக இருந்தால் இரண்டும் சமம். பள்ளியில் படித்த செவ்வகக் கணக்குதான்! ஆனால் இது மேல்-கீழ் முறுக்கலைக் காட்டாது. அதற்குத் துளைகளின் உயரத்தையும் தரையிலிருந்து அளக்க வேண்டும்.

அனாமத்துக் கணக்கு

கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு சமமாகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுத் தற்காலிகமாகச் சமன் செய்வார்கள். பிழை அங்கேயே இருக்கும், மொத்தம் மட்டும் சரியாகிவிடும். வளைந்த சட்டத்தை அளக்காமல் டை ராடை மட்டும் திருகுவதும் இதே வேலைதான்.

இன்றைய கடைகளில் லேசரும் முப்பரிமாணக் கேமராவும் வந்துவிட்டன. பின் அச்சு எந்தத் திசையைப் பார்க்கிறது என்றுகூடச் சில கருவிகள் சொல்லும். ஆனால் அம்பாசடரின் பின் அச்சில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. கருவி கோணலைக் காட்டினாலும் அதன் காரணத்தை ஒருவர் காருக்கு அடியில் படுத்துத்தான் தேட வேண்டும்.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு இதில் பணமும் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அடிபட்டு ஒட்டப்பட்ட வண்டி மெதுவாகப் போகும்போது எதையும் காட்டாது. மழை ரோட்டில் அவசரமாக பிரேக் பிடிக்கும்போது காட்டும். எனவே புது பெயின்டைப் பார்த்து முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு அளவு நாடாவும், தூக்குக்குண்டும், சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை!