பழைய கிராபிக்ஸ் கார்டும் பதுளை ரயில் பாதையும்



உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களைக் கண்டால் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், பழைய கொம்பியூட்டர்ல இருக்கிற கிராபிக்ஸ் கார்டைப் புதுசுக்குப் போடலாமா? கடையில அதையும் புதுசா எடுக்கச் சொல்றாங்க." கேட்பவர்களில் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு நிற்பவர்களும் உண்டு. சீட்டுக் காசிலும் நகை அடகிலும் வாங்கப்படுகிற பெட்டி அது. ஆகவே கொஞ்சம் வரலாற்றோடு சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

முதலில் நம்ம ஊர் ரயிலைப் பாருங்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நீராவி எஞ்சினுக்காக ஐந்தரை அடி அகலத்தில் போட்ட பாதை. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா எம்2 டீசல் எஞ்சின்களைத் தந்தபோது நாட்டின் பாதைகளை மாற்றிப் போட வேண்டி வரவில்லை. எஞ்சின் புதிது, ஆனால் சக்கர அகலம் பழையது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன சிறிய ரயிலின் கதை வேறு. அதன் அகலம் இரண்டரை அடி. 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டது. அதில் ஓடிய எஞ்சின் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பதுளைப் பாதையில் ஏற வழியில்லை.

தேயிலை ஸ்டோரிலும் இதே சங்கதிதான். கொழுந்து உருட்டும் ரோலர்களை ஆரம்ப நாட்களில் தண்ணீர்ச் சக்கரமும் நீராவியும் சுற்றின. பிறகு எண்ணெய் எஞ்சின் வந்தது, அதற்குப் பிறகு மின்மோட்டார். கூரைக்குக் கீழே ஓடிய நீண்ட தண்டும் தோல் பட்டியும் இருந்தபடியால், சுற்றுகிற சக்தி மாறினாலும் ரோலரை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. பழைய பொருள் புதிய இடத்தில் பிழைக்குமா என்பது அது பொருந்தும் இணைப்பைப் பொறுத்தது.

கொம்பியூட்டருக்குள்ளும் இப்படி அகலப் பாதையும் சிறு பாதையும் இருந்திருக்கின்றன. 1981இல் ஐபிஎம் தனது பீசியை வெளியிட்டபோதே, படம் காட்டும் கார்டைத் தனியாகச் செருகுவதற்கு ஸ்லொட் வைத்தது. 1992இல் பிசிஐ வந்தது. 1997 அளவில் கிராபிக்ஸுக்கென்றே ஏஜிபி என்ற ஸ்லொட் வந்தது. ஆனால் ஏஜிபிக்குள்ளேயே மின்னழுத்தம் 3.3, 1.5, 0.8 வோல்ட் என்று மாறிக்கொண்டே போனது. பொருந்தாத கார்டைச் செருகினால் மதர்போர்ட் கருகும் ஆபத்தும் இருந்தது. 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் சந்தைக்கு வந்ததும் ஏஜிபிக்கு ராகலை ரயிலின் கதி வந்தது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் நம்ம பதுளைப் பாதை மாதிரி. 2010இல் மூன்றாம் பதிப்பு, 2017இல் நான்காம் பதிப்பு, 2019இல் ஐந்தாம் பதிப்பு என்று வேகம் கூடினாலும் ஸ்லொட்டின் வடிவம் மாறவில்லை. பழைய கார்ட் புதிய போர்ட்டில் தனக்கு முடிந்த வேகத்தில் ஓடும்.

அப்படியிருந்தும் சில புதிய பெட்டிகளில் பழைய கார்டைப் போட்டால் திரை கறுப்பாகவே கிடக்கிறது. இன்றைய போர்டுகள் யூஇஎஃப்ஐ என்ற முறையில் தொடங்குகின்றன. ஏறத்தாழ 2012க்கு முந்திய பல கார்டுகளுக்கு அந்த முறை தெரியாது. பழைய முறைக்கான ஆதரவை 2020ஆம் ஆண்டளவில் நீக்கப்போவதாக இன்டெல் 2017இலேயே அறிவித்துவிட்டது. டிரைவரும் ஒரு விடயம். என்விடியா தனது கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு வழமையான புதிய டிரைவர் கொடுப்பதை 2021இல் நிறுத்தியது. கார்ட் வேலை செய்யும், ஆனால் புதிய மென்பொருட்களில் சிக்கல் வரலாம்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்லொட் தருவது அதிகபட்சம் 75 வொட். 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ போன்ற 60 வொட் கார்டுகளில் பலவற்றுக்குத் தனி வயர் தேவையில்லை. பெரிய கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து 6 முனை அல்லது 8 முனை வயர் வர வேண்டும். கார்ட் இலவசம் என்று நினைத்துப் பிறகு பவர் சப்ளைக்குக் காசு கொட்ட வேண்டாம்.

2022ஐ நாம் யாரும் மறக்கவில்லை. மார்ச்சில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி மே மாதமளவில் 360ஐத் தொட்டது. இறக்குமதிப் பொருள் எதையும் கையால் தொட முடியவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டுவது முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகச் சந்தையில் பழைய பொருளாகக் குவிந்தன. செக்கன் ஹேண்ட் வாங்குபவர்கள் காற்றாடி சுற்றுகிறதா, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இனிப் பெற்றோருக்கான நேரடிப் பதில். உயர்தரப் பாடத்தில் பிள்ளை செய்வது பைதன், தரவுத்தளம், இணையப் பக்கம் போன்றவைதான். இவற்றுக்குத் தனிக் கார்டே தேவையில்லை. புரொசெசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிகிற புரொசெசர்களில் அது கிடையாது. ஏஎம்டி ரைசன் 5000 வரையான மேசைக் கணினி வரிசைகளிலும் பெரும்பாலும் ஜி எழுத்து உள்ளவற்றில்தான் உண்டு. விலை குறைவு என்று உள்ளே கிராபிக்ஸ் இல்லாததை எடுத்தால், அப்போது வீட்டிலுள்ள பழைய கார்ட் கைகொடுக்கும். வடிவமைப்பு, வீடியோ என்று போகும் பிள்ளைக்கு நல்ல கார்ட் பிறகு வாங்கலாம். ஸ்லொட் காத்திருக்கும்.

கடைக்குப் போகுமுன் கார்டின் பெயரையும், வாங்கப்போகும் புரொசெசர், போர்ட், பவர் சப்ளை விபரத்தையும் ஒரு துண்டில் எழுதி, பிள்ளையிடம் எங்களுக்குக் கொடுத்தனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மிச்சமாகும் காசு பிள்ளையின் வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் போகட்டும்.