உள்ளாட்சி பாடமாக வந்த வரலாறு

மாநில ஆட்சியையும் உள்ளாட்சியையும் ஒரு பாடமாக வகுத்து, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் இந்தியாவில் ஏறத்தாழ நூறாண்டுப் பழமை உடையது. ஊர் நிர்வாகத்துக்கு வருபவர் படித்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணமோ ஆயிரம் ஆண்டுக்கும் பழையது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியானவர் யார் என்று வரையறுக்கின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டும். நிலம் அரைக்கால் வேலியாகக் குறைந்தாலும், கற்ற கல்வி கூடுதலாக இருந்தால் பெயர் சேர்க்கலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இவையெல்லாம் ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின், சபைக்குரிய விதிகள். அந்தச் சபையில் உழுகுடிகளுக்கும் பெண்களுக்கும் இடம் இருந்ததில்லை. உத்திரமேரூரைப் பழைய மக்களாட்சி என்று பெருமையோடு சொல்லும் பாடநூல்கள் பல இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

இன்றைய உள்ளாட்சி அந்தச் சபைகளின் நேர்த்தொடர்ச்சி அல்ல. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவையிலிருந்து பிறந்தது. 1687 டிசம்பரில் வழங்கப்பட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. கோட்டைக்கும் நகருக்கும் ஆகும் செலவை ஊராரிடமே வரியாகத் திரட்டுவதே நோக்கம். அடுத்த இருநூறு ஆண்டுகளில் வந்த நகரச் சட்டங்களுக்கும் பெரும்பாலும் அதே நோக்கம்தான்: சாலை, சாக்கடை, விளக்கு, அவற்றுக்கு வரி.

உள்ளாட்சியைக் கல்வியோடு சேர்த்துப் பார்த்த முதல் அரசு ஆவணம் ரிப்பன் பிரபுவின் 1882 மே 18 தீர்மானம். உள்ளூர் மன்றங்களை ஏற்படுத்துவதன் முதல் நோக்கம் நிர்வாகத்தைச் சீராக்குவது அன்று, மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிப்பதே என்று அது வெளிப்படையாகக் கூறியது. தொடக்கத்தில் தவறுகள் நேரும், அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் போக்கு. 1884-இல் சென்னை மாகாணத்துக்கு வந்த சட்டம் மாவட்டத்துக்கு ஒரு ஜில்லா போர்டு, தாலுகாவுக்கு ஒரு போர்டு, சிற்றூர்த் தொகுதிகளுக்கு யூனியன் என்று மூன்று அடுக்குகளை அமைத்தது. ஜில்லா போர்டின் தலைமையில் கலெக்டரே நெடுங்காலம் அமர்ந்திருந்தார். சொத்து வைத்து வரி கட்டியவர்களுக்கு மட்டுமே வாக்கு. வாசல் குறுகியதுதான். ஆனாலும் அந்த வாசல் வழியாக நுழைந்து நிர்வாகம் பழகியவர்களின் பட்டியல் நீளமானது. 1917 முதல் 1919 வரை ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர். அதே காலத்தை ஒட்டிப் பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தார். அந்நகரின் குடிநீர்த் திட்டம் இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இரட்டையாட்சியில் உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர்களிடம் வந்தபோது பனகல் அரசர் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1939-இல் சென்னை மேயரான சத்தியமூர்த்தி நகரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பூண்டி நீர்த்தேக்கத்தை முன்னெடுத்தார். இவர்களுக்கு உள்ளாட்சியைக் கற்பித்த வகுப்பறை எதுவும் இல்லை. வரவு செலவுத் திட்டமும் பொறியாளரின் மதிப்பீடும் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்புமே கற்பித்தன.

வகுப்பறை பின்னால் வந்தது, அதுவும் மேலிருந்து தொடங்காமல் கீழ்நிலைப் பணியாளரிடமிருந்து தொடங்கியது. 1926-இல் பம்பாயில் நிறுவப்பட்ட அகில இந்திய உள்ளாட்சி நிறுவனம் நகராட்சிப் பணியாளர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் பட்டயப் படிப்புகளை நடத்தியது. எல்.எஸ்.ஜி.டி. என்ற எழுத்துகள் பல தலைமுறை நகராட்சி ஊழியர்களின் பெயருக்குப் பின்னால் நின்றன. பல்கலைக்கழக அளவில் சென்னை முந்திக்கொண்டது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பொது நிர்வாகத் துறை தொடங்கப்பட்டது. பொது நிர்வாகத்துக்குப் பட்டயம் வழங்குவதில் நாட்டிலேயே முன்னோடி அது. மாகாண சுயாட்சியின் கீழ் ராஜாஜி அமைச்சரவை அமைத்ததும் அதே ஆண்டில்தான். 1949-50 காலத்தில் நாகபுரி பல்கலைக்கழகம் ஒரு படி மேலே சென்று, பொது நிர்வாகத்தோடு உள்ளாட்சியையும் பெயரிலேயே சேர்த்து ஒரு துறையை நிறுவியது. 1954-இல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் நேருவைத் தலைவராகக் கொண்டு பிறந்தது.

படிப்பதற்கான நூல்களும் இதே காலத்தில்தான் உருவாயின. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆய்வை 1932-இல் வெளியிட்டார். ஆந்திரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். வேங்கடரங்கையா சென்னை மாகாண ஜில்லா போர்டுகளின் வளர்ச்சியை எழுதினார். அறுபதுகளில் கல்லூரிகளில் தமிழ் பயிற்றுமொழியானபோது அரசு முயற்சியில் வந்த தமிழ்ப் பாடநூல்களில் அரசியல் அறிவியலும் இடம்பெற்றது. அதற்கு முன் இந்தப் பாடத்தைத் தமிழில் படிக்க விரும்பியவருக்குக் கிடைத்தவை பள்ளிக் குடிமையியல் புத்தகங்கள் மட்டுமே என்று சொன்னால் மிகையாகாது.

விடுதலைக்குப் பின் இந்தக் கல்வி இரண்டு தடங்களாகப் பிரிந்தது. ஒன்று பட்டத்துக்கான தடம், மற்றொன்று பயிற்சிக்கான தடம். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதும் கிராம சேவக்குகளையும் வட்டார வளர்ச்சி அலுவலர்களையும் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு ஊராட்சி அமைப்பைப் பரிந்துரைத்து அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டே காமராசர் அரசு ஊராட்சிச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஜில்லா போர்டுகளை எடுத்துவிட்டு, ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. பவானிசாகர், தி. கல்லுப்பட்டி, பட்டுக்கோட்டை, எஸ்.வி. நகரம் ஆகிய ஊர்கள் ஊரக வளர்ச்சிப் பயிற்சிக்குப் பெயர்பெற்றன. 1956-இல் தொடங்கிய காந்திகிராமம் கிராமிய நிறுவனம் இரண்டு தடங்களையும் சேர்த்துப் பிடித்த அரிய இடம். அங்கே பட்ட மாணவர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஒரே வளாகத்துக்கு வந்து போனார்கள். பிற்காலத்தில் அங்குப் பணியாற்றிய க. பழனித்துரை பஞ்சாயத்து ஆட்சி பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதியது, ஊராட்சித் தலைவர்களே படித்துப் பயன்படுத்தக்கூடிய எழுத்து.

கல்லூரிக்குப் போக முடியாதவர்களின் வீட்டுக்குப் பாடம் தபாலில் வரத் தொடங்கியது 1962-இல். அந்த ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் அதே வழியில் இறங்கின. கட்டாக வரும் பாடங்கள், ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகள், ஆண்டுக்கு ஒரு தேர்வு என்பது நடைமுறை. அலுவலக உதவியாளர்கள், ஆசிரியர்கள், காவலர்கள், திருமணத்துக்குப் பின் படிப்பை விட்ட பெண்கள் என்று பெருந்திரள் இதில் சேர்ந்தது. அரசியல் அறிவியல், பொது நிர்வாகம் ஆகியவற்றைப் பலர் விரும்பி எடுத்தார்கள். ஆய்வுக்கூடம் தேவையில்லை, தமிழில் தேர்வு எழுதலாம், பதவி உயர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் உதவும் என்பவை காரணங்கள். உள்ளாட்சி அந்தப் பாடங்களில் ஒரு பகுதி.

இங்கே ஒரு முரண் உண்டு, இந்த வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே. தமிழ்நாட்டில் அஞ்சல்வழிக் கல்வி செழித்த அதே ஆண்டுகளில் உள்ளாட்சி ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. 1970-க்குப் பிறகு 1986 வரை ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டு 1996 வரை மீளவில்லை. மேயர் இருக்கையில் தனி அலுவலர் அமர்ந்தார், தீர்மானங்களை அவரே கொண்டுவந்து அவரே நிறைவேற்றினார். அந்த ஆண்டுகளில் சென்னையில் வளர்ந்த ஒரு மாணவர் மேயரின் அதிகாரங்களைப் பற்றி விடை எழுதித் தேர்ச்சி பெற்றிருக்கலாம், ஒருமுறைகூட மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்திருக்க முடியாது. கூட்டம் நடக்காத ஊரில் கூட்டத்தின் விதிகளை மனப்பாடம் செய்வதாக அந்தக் கல்வி சுருங்கியது. உள்ளாட்சி என்றால் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் வினா என்ற பழக்கம் படிந்ததற்கு ஆசிரியர்களைவிட இந்த வெற்றிடமே பெரிய காரணம். 1987-இல் குடிமைப் பணித் தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடமாகச் சேர்க்கப்பட்டதும் படிப்போர் கூடினார்கள், ஆனால் அவர்கள் கண் மாவட்ட ஆட்சியர் பதவி மீது இருந்தது. ஊராட்சி மன்றத்தின் பக்கம் திரும்பவில்லை.

நிலைமையை மாற்றியவை அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த இவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களையும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்களையும் கட்டாயமாக்கின. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. 1996 அக்டோபரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதவிகளுக்குத் தேர்தல் நடந்தது. அதுவரை எந்த மன்றத்திலும் அமராத பல்லாயிரம் பெண்கள் உறுப்பினர்களாகவும் தலைவர்களாகவும் ஆனார்கள். தீர்மானப் புத்தகம், காசோலை, வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றை அவர்கள் சில வாரங்களில் பழக வேண்டியிருந்தது.

சட்டம் கொடுத்த இடத்தைச் சாதி பறிக்கும் என்பதையும் அந்த ஆண்டுகளே காட்டின. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவரும் அவருடன் இருந்த ஐவரும் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட காரணத்தாலேயே 2006 வரை தேர்தல் முறையாக நடக்கவில்லை. மூன்றடுக்கு அமைப்பின் படத்தை வரைந்து காட்டி முடித்துவிடும் எந்தப் பாடமும் தமிழ்நாட்டு உள்ளாட்சியைக் கற்பித்ததாகாது.

இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் பயிற்சி அளிக்க வேண்டிய நெருக்கடிதான் தொலைதூரத் தொழில்நுட்பத்தை உள்ளாட்சிக்குள் கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் கர்நாடகம் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே பஞ்சாயத்துப் பெண் உறுப்பினர்களுக்கு வகுப்பு நடத்தியது. பேசுபவரைத் திரையில் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் கேள்வி கேட்க முடிந்தது. கேரளம் வேறு வழியில் போனது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், முளங்குன்னத்துக்காவில் உள்ள கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு, ஆள் ஆளாகப் பயிற்றுவித்து ஊர்தோறும் பயிற்றுநர்களை உருவாக்கியது. திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் பிரித்தும் கொடுத்தது. பணமும் அதிகாரமும் கூடவே வந்ததால் அங்கே பயிற்சிக்குப் பொருள் இருந்தது. தமிழ்நாட்டில் மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் பயிற்சிகளை நடத்தியது. ஆனால் கையில் நிதி வராத தலைவருக்கு வரவு செலவுப் பயிற்சி எவ்வளவு உதவும்?

பட்டத்துக்கான தடமும் இதற்குள் மாறிவிட்டது. 1985-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளம் பாடத்தை இணையத்துக்குக் கொண்டுசென்றது. சில வாரங்கள் ஓடும் படிப்பு, ஒவ்வொரு வாரத்துக்கும் காணொளி, சிறு தேர்வு, கலந்துரையாடல், முடிவில் தேர்வு மையத்துக்குச் சென்று எழுதும் தேர்வு என்பது அதன் அமைப்பு. சேர்வதற்குக் கட்டணமில்லை, சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் உண்டு. ஒரு பட்டப் படிப்பின் மதிப்பலகுகளில் 20 விழுக்காடு வரை இதன் வழியே பெறலாம் என்று முதலில் இருந்தது, 2021-இல் 40 விழுக்காடாக உயர்ந்தது. 2020-இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் முழுப் பட்டத்தையும் இணையவழியில் நடத்தத் தகுதியுள்ள நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தன.

உள்ளாட்சிப் பாடத்துக்கு இணையவழி மிகவும் பொருத்தமானது. காரணம், இது அடிக்கடி மாறும் பாடம். உள்ளாட்சி மாநிலப் பட்டியலைச் சேர்ந்த பொருள், ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கேரளத்தில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னை மேயர் 1996-இல் நேரடித் தேர்தலில் வந்தார், 2006-இல் மறைமுகத் தேர்தலில், 2011-இல் மீண்டும் நேரடியாக, 2022-இல் மீண்டும் மறைமுகமாக. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டு கடந்தும் ஆட்சி செய்து, 1998-இல் இயற்றப்பட்டுக் கிடப்பில் இருந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் விடைபெற்றது. அச்சடித்துக் கட்டிய அஞ்சல்வழிப் பாடத்தில் இத்தகைய மாற்றம் ஏற ஆண்டுகள் ஆகும். இணையத்தில் ஒரே நாளில் திருத்திவிடலாம்.

அந்த வசதி முழுதாகப் பயன்படவில்லை. இணையப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன, நாடு முழுவதற்கும் பொதுவாகப் பேசுகின்றன, மாணவரின் சொந்த ஊராட்சிவரை இறங்குவதில்லை. இறங்குவதற்கு வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஒவ்வொரு ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மாநில ஆட்சியும் உள்ளாட்சியும் பற்றி இணையத்தில் பாடம் வகுப்போர், ஒரு கிராம சபைக் கூட்டத்தில் அமர்ந்து அதன் தீர்மானங்களைக் குறித்து வருவதையும் ஓர் ஆண்டுக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பதையும் மதிப்பெண்ணுக்குரிய பயிற்சியாகச் சேர்க்க வேண்டும். தமிழில் எழுதும் விடைக்கும் அதில் இடம் வேண்டும்.